இடது கையில் வாங்கிய மனு

கோயம்புத்தூரில் என் புத்தகம் வெளியான அன்று காலை, அங்கிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி, ஊத்துப்பாறையில் கன்னாற்றின் மேல் ஒரு பாலம் நின்றது. ஐந்து கண் பாலம். புதுசும் இல்லை, பாசி பிடித்து, சுண்ணாம்பு உரிந்து, தூண் வெடிப்பில் முழங்கை உயரத்துக்கு ஓர் அரசங்கன்று முளைத்து, கைப்பிடிச் சுவரில் எந்தத் தேர்தலுக்கோ எழுதின சின்னம் பாதி அழிந்து, அதற்குக் கீழே எவனோ எவள் பேரையோ ஆணியால் கீறி வைத்து, இருபத்தைந்து வருசம் வெயிலும் மழையும் தின்ற பாலம். முந்தின நாள் பொழுது சாய்கிற வரைக்கும் அந்த இடத்தில் தண்ணீரும் பாறையும் தவிர ஒன்றும் கிடையாது. நம்பாதவன் இத்தோடு மூடி வைத்துவிட்டுப் போகலாம். முப்பது வருசம் நம்பாதவனை நம்ப வைத்தே வயிறு வளர்த்தவன் நான்; இனிமேல் அந்த வேலை பார்ப்பதாக இல்லை.

முதலில் அதன்மேல் ஏறியவர் பால்காரர் சென்னியப்பன். சைக்கிளில் கேன்களைக் கட்டிக்கொண்டு, வேட்டியைத் தொடைக்கு மேல் சுருட்டி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, தினமும் இறங்குகிற இடத்தில் இறங்கினவர், இவ்வளவு தூரம் வந்தும் கால் நனையவில்லையே என்று குனிந்து பார்த்தபோது நடுப்பாலத்தில் நின்றுகொண்டிருந்தார். செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டார். அக்கரை மேலச்சாவடிக்குப் போய் சொசைட்டியில் பாலை ஊற்றினார்.

"என்ன சென்னியப்பா, இன்னிக்கு நேரமா வந்துட்டே?"

"பாலத்து மேல வந்தனுங்க."

அதற்குமேல் அங்கே பேச்சில்லை. மத்தியானத்துக்குள் விறகுக் கட்டுக்காரிகள் கடந்தார்கள், சாயந்தரத்துக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடந்தார்கள், எட்டாம் நாள் பாலத்தின் தலைமாட்டில் ஒரு டீக்கடை வந்தது, பதினைந்தாம் நாள் அதற்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையார் வந்தார். அரசாங்கத்திலிருந்து ஓர் ஓவர்சீயர் வந்து டேப் பிடித்து அளந்து பதிவேட்டைப் புரட்டினார். பதிவேட்டில் அப்படி ஒரு பாலமே இல்லை. இல்லாத பாலம் இருக்கிறது என்று மேலே எழுதினால் விளக்கம் கேட்பார்கள், விளக்கம் கொடுத்தால் அந்த விளக்கத்துக்கு விளக்கம் கேட்பார்கள். ரிட்டயர்மெண்டுக்கு எட்டு மாதம் மிச்சமிருந்த மனிதர், ஒரு டீ குடித்து யோசித்தார், பெயிண்ட் வாங்கிவரச் சொல்லித் தூணில் மஞ்சள் கட்டம் போட்டு ஒரு நம்பர் எழுதினார், அதே நம்பரைப் பதிவேட்டில் தொண்ணூற்று நான்காம் வருசத்துப் பக்கத்தில் இரண்டு வரிகளுக்கு நடுவே இடுக்கி எழுதிக்கொண்டு போனார். அதோடு அது சர்க்கார் பாலம் ஆயிற்று.

மூன்றாம் மாதம், எண்பது வயது அம்மாசை டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "இந்தப் பாலத்துக்குக் கல்லு சொமந்து சொமந்தே என்ற தோளு போச்சு" என்று துண்டை விலக்கிக் காட்டினார். தோளில் காய்ப்பு இருந்தது. போன வருசம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. பாலம் வந்ததைவிட அதுதான் பெரிய அதிசயம் என்பேன்.

ஏமாறாதது ஆடுமாடு மட்டும்தான். எருமைகள் பாலத்தின் முனை வரைக்கும் வந்து, மூக்கை நீட்டி முகர்ந்து, திரும்பி ஆற்றில் இறங்கிக் கடந்தன. அடித்தாலும் ஏறவில்லை. மாடு மோந்து பார்த்து வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இதை நான் சொன்னால் நம்பலாம், ஏனென்றால் என் ஆதித் தொழில் மாட்டுத் தரகு.

என் பேர் நாச்சிமுத்து. எம்.எல்.ஏ. அத்தப்பன் அண்ணனுக்கு முப்பது வருசம் பி.ஏ. அவர் மூன்று தடவை ஜெயித்தார், இரண்டு தடவை தோற்றார், ஐந்து தடவையும் நான் பக்கத்தில் நின்றேன். அதற்கு முன்னால் காரைப்பட்டிச் சந்தை. ஏழாம் வகுப்பில் வாத்தியார் மேல் சிலேட்டை வீசிவிட்டு வந்தவனுக்குச் சந்தைதான் பள்ளிக்கூடம். வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் ஒரு துண்டுக்குள் போகும். வெளியே முகம் கல் மாதிரி இருக்கும், உள்ளே விரல் விரலைப் பிடிக்கும், எத்தனை விரலை எப்படி அமுக்குகிறான் என்பதுதான் விலை. சம்மதமில்லை என்றால் கையை முஷ்டியாக்கிக்கொள்வான். முஷ்டி பிடித்துவிட்டால் அதற்குமேல் பேரம் கிடையாது, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மாட்டைப் பார்க்கவேண்டும். அண்ணன் ஒரு ஜோடிக் காளை வாங்க வந்து என்னிடம் ஒரு மணி நேரம் துண்டுக்குள் கையை வைத்திருந்துவிட்டு, "எங்கிட்டயே இப்படிப் பேசறவன், எனக்காகப் பேசினா எப்படியிருக்கும்!" என்று காரில் ஏற்றிக்கொண்டு போனார். காளையை வாங்கினாரா என்பது மறந்துபோயிற்று. என்னை வாங்கினார்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. மனு கொடுக்கிறவன் முகத்துக்கு நேரே முடியாது என்று எந்தத் தலைவனாலும் சொல்லமுடியாது. அண்ணன் எல்லா மனுவையும் வாங்குவார், எல்லோரிடமும் "பாத்துக்கறேன், போயிட்டு வாங்க" என்பார். வலது கையில் வாங்கினால் நடக்கவேண்டிய மனு. இடது கையில் வாங்கினால் நடக்கவேண்டாத மனு. வலது கை மனுக்கள் என் தோல்பைக்குள் போகும், அதிகாரிகளை விரட்டி விரட்டி வேலையை முடிப்பேன். இடது கை மனுக்கள் துணிப்பைக்குள் போகும். துணிப்பை அண்ணன் வீட்டுப் பின்கட்டில் வெந்நீர் அடுப்புக்குப் போகும். ஊர் ஊராக அழுது எழுதின காகிதத்தில் காய்ந்த தண்ணீரில்தான் அண்ணன் தினமும் குளித்தார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவர் கெட்டவர் இல்லை. வலது கையில் வாங்கினதை நடத்தாமல் விட்டதில்லை.

தொண்ணூற்று மூன்று சித்திரை. மேலச்சாவடித் தேருக்கு முதல் வடம் பிடித்தவர் அண்ணன். நான் வேறொரு பஞ்சாயத்தை முடித்துவிட்டு மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தேன். அண்ணன் சால்வைக்குள் வலது கையை மடித்து வைத்துக்கொண்டு, வரிசையாக வந்தவர்கள் மனுவையெல்லாம் இடது கையால் வாங்கி வாங்கி என்னிடம் தள்ளினார். நாற்பத்தொரு மனு. ஒன்றுகூட வலதில் இல்லை. என்னடா இன்றைக்கு இப்படி என்று பட்டது, ஆனால் ஏற்பாடு ஏற்பாடுதான், நாற்பத்தொன்றையும் துணிப்பையில் போட்டேன். வரிசையில் ஒரு பொம்பளை, இடுப்புயரப் பெண்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, "மழைக்காலத்துல புள்ளைங்க தண்ணில எறங்கித்தான் பள்ளிக்கூடம் போகுதுங்க சாமி, ஒரு பாலம்" என்று தொடங்கியது ஞாபகம் இருக்கிறது. மற்ற நாற்பது பேரில் ஒரு முகம்கூட ஞாபகமில்லை.

மூன்றாம் நாள் காலை. அண்ணன் குளிக்க உட்கார்ந்தார், நான் பக்கத்தில் நின்று அன்றைய நிகழ்ச்சிகளைப் படித்துக்கொண்டிருந்தேன். வலது உள்ளங்கை தோல் உரிந்து சிவந்திருந்தது. தேர்வடம் அறுத்திருக்கிறது. வடம் பிடித்தவன் கையில் ரத்தம் என்று தெரிந்தால் ஊர் அபசகுனம் என்று பேசும், அதனால் சால்வைக்குள் ஒளித்திருக்கிறார். நாற்பத்தொரு மனுவும் அதற்குள் அடுப்புக்குப் போயிருந்தது. தவலையிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

"நாச்சி, அந்த ஊத்துப்பாறைப் பாலம். அந்தம்மா மொகத்தப் பாத்தேன். அத மொதல்ல பண்ணு."

அப்போதே சொல்லியிருக்கலாம். 'அண்ணா, தப்பு நடந்துபோச்சு, அந்தத் தண்ணியில்தான் குளிச்சுட்டு இருக்கீங்க' என்று ஒரு வார்த்தை. இரண்டு அறை கொடுத்திருப்பார், அதே நாளில் ஊத்துப்பாறைக்கு ஆள் அனுப்பி வேறு மனு எழுதி வாங்கியிருப்பார். ஆனால் நாச்சிமுத்து தப்புச் செய்தான் என்று ஒருவன் வாயில் வரக்கூடாது என்கிற திமிர். "எஸ்டிமேட்டுக்குப் போயிருச்சுண்ணா" என்றேன். மறு வருசம் அவரே கேட்டார்: "கட்டியாச்சாடா?" "ஆச்சுண்ணா. அஞ்சு கண்ணு." எத்தனை கண் என்று அவர் கேட்கவே இல்லை, பொய் சொல்லும்போது எண்ணைச் சேர்த்துச் சொல்வது சந்தையில் படித்த பாடம். போய்ப் பார்க்கவும் அவரால் முடியாது, அந்தப் பக்கம் ஒரு நிகழ்ச்சியும் விழாதபடி நான் பார்த்துக்கொண்டேன்; பாலம் இல்லாத ஊருக்கு அண்ணன் கார் எப்படிப் போகும்? சாகிற வரைக்கும் மேடைக்கு மேடை அந்தப் பாலத்தைச் சொல்லிக் கைதட்டு வாங்கினார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் கன்னாற்றில் தண்ணீர் வந்தது. ஆறாம் வகுப்புப் படித்த ரேணுகா, மாராத்தாளின் மகள், பள்ளிக்கூடப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள். பை மறுநாளே ஒதுங்கியது. அவள் ஒதுங்க மூன்று நாள். பேப்பரில் விரல் நீளத்துக்குச் செய்தி வந்தது. அண்ணன் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார், நான் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதிலை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

அண்ணன் போன பிறகு என் போன் அடங்கிவிட்டது. பத்தாம் நாள் காரியம் வரைக்கும் வந்தவர்கள் பதினோராம் நாள் வரவில்லை. எதிரே போனால் வணக்கம் வைக்கவேண்டுமே என்று ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போனார்கள். வீட்டில் எதற்கெடுத்தாலும் கத்தினேன்; தட்டை நகர்த்தினால் கத்தினேன், ஃபேன் சத்தம் போட்டால் ஃபேனைப் பார்த்துக் கத்தினேன். என் சம்சாரம் சம்பூரணம் ஒருநாள் ஒரு குயர் நோட்டை என் முன்னால் வீசி, "உங்க வாய் சும்மா இருக்காதுன்னு தெரியும். அதையாவது எழுதித் தொலைங்க, நான் காதைக் கொஞ்சம் ஆறப் போட்டுக்கறேன்" என்றாள். அப்படித்தான் ஆசிரியன் ஆனேன். 'அத்தப்பன் அண்ணன் பக்கத்தில் முப்பது வருசம்.' ஏழே மாதத்தில் முந்நூறு பக்கம். ஒவ்வொரு வாக்கியமும் 'அண்ணன்' என்றே தொடங்கியது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வந்தபோது பேனா கொஞ்சம் நின்றது. செத்தவருக்குக் குறையாக எழுதுவதா? அவர் கட்டினதாக நம்பியே செத்தார், நம்பினதை எழுதினால் பாவமா? எழுதினேன்: 'ஊத்துப்பாறை மக்கள் கேட்ட மறுவருசமே, தொண்ணூற்று நான்கில், கன்னாற்றின் குறுக்கே ஐந்து கண் பாலம் கட்டிக்கொடுத்தார் அண்ணன்.'

ஒரே ஒரு வரி.

பாலம் எழும்பின செய்தி எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. சொன்னவன் செய்தியாகச் சொல்லவில்லை, "உங்க பொஸ்தகத்துல எங்கூருப் பாலம் வந்திருக்குதாமே" என்று சந்தோசமாகச் சொன்னான். பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். டீக்கடை போட இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைப்பிடிச் சுவரைத் தொட்டேன், வெயில் ஏறிச் சுட்டது. அஸ்திவாரக் கல்லில் அண்ணன் பேரும் தேதியும். நடுவில் நின்று கீழே பார்த்தேன். சரி, எப்படியோ வந்துவிட்டது, இருபத்தாறு வருசப் பாரம் இறங்கியது என்று நினைத்தேன். மாலை போட்டார்கள். போட்டுக்கொண்டேன்.

எட்டு மாதம் அப்படிப் போயிற்று. வியாழக்கிழமைகளில் காரைப்பட்டிச் சந்தையில் பழைய இடத்தில் சாக்கை விரித்துப் புத்தகங்களை அடுக்கி உட்கார்ந்துகொள்வேன்.

"ஏய் நாச்சி, மாடுன்னா பல்லப் புடிச்சுப் பாக்கலாம். பொஸ்தகத்துல எதைய்யா புடிச்சுப் பாக்கறது?" என்பான் கூட்டாளித் தரகன் பெரியதம்பி.

"உன்ற பல்லப் புடிச்சுப் பாத்தா உன்னைய எவனாச்சும் வாங்குவானாடா?"

அப்படி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமைதான் ஓர் அம்மா வந்து நின்றது. அறுபத்தைந்து வயதிருக்கும். ஆட்டுக்கயிறு இழுத்துக் காய்த்த கை, அந்தக் கையில் என் புத்தகம்.

"இத எழுதின பி.ஏ. நீங்கதானுங்களா?"

"நாந்தான் ஆத்தா. கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா?"

"போடுங்க. நூத்திப் பன்னண்டாம் பக்கத்துல போடுங்க."

பேனா மூடியைக் கழற்றியவன் திரும்ப மாட்டிக்கொண்டேன்.

"நான் ஊத்துப்பாறை மாராத்தாளுங்க. ரேணுகாவோட அம்மா."

பெரியதம்பி எழுந்து, மாடு பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டான். அந்த அம்மா சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தது.

"அன்னிக்குப் பாலம் இல்லீங்க. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஊருல இப்ப யாருக்கும் தெரியல. நான் சொன்னா, வயசாச்சு, உனக்கு நெனப்புத் தப்பிருச்சுங்கறாங்க. அது போகட்டும்னு இருந்தனுங்க. இப்ப புள்ளையப் பேசறாங்க. பாலம் இருக்கறப்ப எதுக்குத் தண்ணில எறங்குனாங்கறாங்க. வெளையாட்டுப் புள்ள, தானா எறங்கிருச்சுங்கறாங்க. நேத்து ஒருத்தி எம் முன்னாலயே சொல்றா, நான் அடிச்ச கோவத்துல போயிக் குதிச்சுருச்சாமா."

சொல்கிறேன் என்றேனே அந்தப் பதில், அது இதுதான். தொண்ணூற்றைந்தில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "பாலம் இருக்கறப்ப எப்படிடா?" என்று கேட்டார் அண்ணன். "வெளையாட்டுப் புள்ளைங்கண்ணா, தானா எறங்கிருச்சு" என்றேன் நான். ஓர் அறைக்குள் ஒருவர் காதில் போட்ட வார்த்தை. எழுத்து மாறாமல், இருபத்துநாலு வருசம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, அந்தப் பிள்ளையின் அம்மா வாயில் ஏறி என் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

"என்ன பண்ணணும்ங்கறீங்க?" என்றேன்.

"நடந்தத எழுதுங்க."

எழுதினால் பாலம் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். எனக்குத் தெரிந்தது ஒரே வித்தைதான். தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் விரித்து அதற்குள் கையை வைத்தேன். அந்த அம்மா ஒரு கணம் பார்த்துவிட்டுத் தன் கையையும் உள்ளே விட்டது. ஆடு வளர்த்து விற்றே முப்பது வருசம் தனியாகப் பிழைத்த கை, அதற்குச் சந்தை தெரியும். ஒரு விரலைப் பிடித்தேன். அடுத்த பதிப்பில் பாலம் உன் பிள்ளை போனதற்கு ஒரு வருசம் கழித்து வந்தது என்று போடுகிறேன். பாலமும் நிற்கும், உன் பிள்ளை பேரும் நிற்கும். வாயால் அதைச் சொல்லிக்கொண்டே விரலை அமுக்கினேன். விரல் அசையவில்லை. இரண்டு விரல், இரண்டு வருசம். மூன்று. ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன், இரண்டாயிரத்தில்தான் வந்தது என்று எழுதுகிறேன் என்றேன். என் கைக்குள் அந்தக் கை மெதுவாக மூடிக்கொண்டது. கூழாங்கல் மாதிரி ஒரு முஷ்டி.

"புள்ள போனதுக்கப்பறமாவது வந்து கட்டுனீங்களா? வரலியே. அப்பறம் எதுக்குங்க வந்த மாதிரி எழுதறீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. வந்தால் எனக்குக் கண் தெரியாது. சந்தையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். "போச்சுன்னா போனது திரும்புமா? பாலம் போயிருச்சுன்னா ஊருல இருக்கற அத்தன புள்ளைங்களும் நாளைக்குத் தண்ணில எறங்கணும். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீ சொல்லுவியா?"

அந்த அம்மா துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்துக்கொண்டது. முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்துக் காட்டியது. கார்பன் காப்பி. நீல மசி ஊறி எழுத்தெல்லாம் பருத்துவிட்டது, தேதி மட்டும் தெளிவாக இருந்தது.

"சத்துணவு டீச்சரு எழுதிக் குடுத்த மனு. தொண்ணூத்தி மூணு சித்திரை. இப்ப நீங்க எங்கிட்டக் கேட்டீங்களே, அதேதானுங்க அன்னிக்கு நான் உங்ககிட்டக் கேட்டது."

மடித்து முடிந்துகொண்டு போய்விட்டது. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்ளவில்லை. அது மடியிலேயே கிடந்தது.

விசயம் ஊத்துப்பாறைக்குப் போயிற்று. நாலாம் நாள் ஊராட்சித் தலைவர் மயில்சாமியும் பால்காரர் சென்னியப்பனும் ஒரு தார் பூவன்பழத்தோடு என் வீட்டுக்கு வந்தார்கள்.

"ஏனுங்க, ஏதோ மாத்தி எழுதப் போறதாப் பேச்சு. அந்தம்மாவுக்கு நெனப்புச் சரியில்லீங்க" என்றார் தலைவர்.

"அன்னிக்குப் பாலம் இருந்துச்சாய்யா?" என்றேன்.

"இருந்துச்சுங்க."

"பாலத்து மேலயா அந்தப் பொணத்தத் தேடுனீங்க? இக்கரைக்கும் அக்கரைக்கும் கயித்தக் கட்டிட்டு, கயித்தப் புடிச்சுட்டுத் தேடுனீங்கன்னு பேப்பர்லயே வந்துச்சே!"

தலைவர் பழத்தாரைப் பார்த்தார். சென்னியப்பன்தான் வாயைத் திறந்தார். "அந்தக் கயித்தப் புடிச்சதே நாந்தானுங்க. எங்க எல்லாருக்கும் தெரியுமுங்க. தெரிஞ்சாப் பாலம் போயிருமோன்னு பயந்துட்டு மறந்துட்டோம். மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு. அப்பறம் பழகிருச்சு."

எந்த முகத்தோடு நான் அவர்களைத் திட்டுவது?

ஒரு வழி மிச்சமிருந்தது. எழுத்துப் பாலம் போவதற்குள் கல்லுப் பாலம் ஒன்றைக் கட்டவைத்துவிட்டால்? முப்பது வருசம் அடுத்தவன் மனுவை வாங்கினவன், முதல் தடவையாக நானே ஒரு மனு எழுதி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு வரிசையில் வெயிலில் நின்றேன். என்னை அடையாளம் தெரிந்தவன் எவனும் அங்கே இல்லை. ஆறு திங்கட்கிழமை நின்றேன். ஆறாவது தடவை அதிகாரி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "பெரியவரே, அங்கதான் பாலம் இருக்கே. நம்பர் போட்டிருக்கு பாருங்க."

"அது நான் எழுதினதுங்க."

"யார் எழுதினா என்ன? இருக்குல்ல?" என்று சொல்லி, மனுவை இடது கையால் வாங்கி ஓரத்தில் வைத்தார். அவர் இடது கைப் பழக்கக்காரராக இருக்கலாம்.

பதிப்பகக்காரர் திருவேங்கடம், "அந்த ஒரு வரிய எடுத்துடுவோமே, எதுக்கு வம்பு?" என்றார். எடுத்தால் பாலமும் போகும், பிள்ளை மேல் விழுந்த பேரும் அப்படியே கிடக்கும். இரண்டும் கெட்ட பேரம். நான் புது அத்தியாயமாக எழுதினேன். பதினொரு பக்கம். புத்தகத்திலேயே 'நான்' என்று தொடங்குகிற அத்தியாயம் அது ஒன்றுதான். நான் வலது கை மனுவை இடது கை மனு என்று எடுத்துக்கொண்டேன். நான் எரித்தேன். நான் எஸ்டிமேட்டுக்குப் போயிருச்சு என்றேன். நான் ஐந்து கண் என்றேன். ரேணுகா தானாக இறங்கவில்லை, வேறு வழி இல்லாமல் இறங்கினாள். தானாக இறங்கினாள் என்று முதலில் சொன்னவன் நான். முந்நூறு பக்கத்துக்கு ஏழு மாதம் எடுத்தவனுக்கு இந்தப் பதினொரு பக்கத்துக்கு ஒன்பது மாதம் பிடித்தது.

அச்சுக்குப் போகிற நாளை முன்கூட்டியே ஊருக்குச் சொல்லி அனுப்பினேன். அன்றைக்குக் காலையில் நான் போனபோது பாலத்தின் இரண்டு முனையிலும் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். இக்கரையில் ஊரே நின்றது. என்னோடு ஒருவரும் பேசவில்லை. டீக்கடைக்காரன்கூட எனக்கு டீ கொடுக்கவில்லை. மாராத்தாள் கூட்டத்துக்குள் இல்லை, கொஞ்சம் தள்ளி வேலமரத்தடியில் ஆடுகளோடு நின்றது. பத்து மணிக்குத் திருவேங்கடம் போனில், "மெஷின் ஓட ஆரம்பிச்சாச்சு" என்றார்.

சத்தமே இல்லை. பால்பல் விழுகிற மாதிரி, மூன்றாவது கண் மட்டும் காணாமல் போயிற்று. பிள்ளையின் பையைக் கடைசியாகப் பார்த்த இடத்துக்கு நேர் மேலே இருந்த கண். அதன் கைப்பிடிச் சுவரும், சுவரில் கீறியிருந்த பேரும், அரசங்கன்றும் போயின. மற்ற நாலு கண்ணும் போகும் என்று மத்தியானம் வரைக்கும் நின்றோம். போகவில்லை. ஏன் போகவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். சந்தையில் சில சமயம், பேசி முடித்த விலைக்குக் குறைவாகவே வாங்கிக்கொண்டு விற்கிறவன் மாட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். கூப்பிட்டுக் காரணம் கேட்கக்கூடாது.

முதலில் அம்மாசைதான் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "காய்ப்பக் காணமேடா" என்றார். பிறகு, "அன்னிக்குப் பாலம் ஏது?" என்றார். அந்த வார்த்தை கூட்டத்துக்குள் கைமாறிக் கைமாறிக் கடைசி ஆள் வரைக்கும் போயிற்று. பொம்பளைகள் நாலைந்து பேர் வேலமரத்தடிப் பக்கம் போனார்கள். போய் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்கிற தூரத்துக்குப் போக எனக்கு யோக்கியதை இல்லை.

இடைவெளிக்கு இரண்டு தென்னமரத்தை வெட்டிப் போட்டுக் கயிற்றால் பிணைத்தார்கள். மாடுகள் அந்த வாரமே பாலத்தில் ஏறின. மூன்றாவது கண் வந்ததும் நிற்கும், பழையபடி திரும்பி ஆற்றில் இறங்காது, பொறுமையாக ஒவ்வொன்றாகத் தென்னமரத்தில் கால் வைக்கும். பிள்ளைகளுக்குத்தான் கால் நடுங்குகிறது. அதனால் நான் காலையில் பள்ளிக்கூட மணிக்கு முன்னாலும் சாயந்தரம் மணி அடித்த பின்னாலும் அங்கே நிற்கிறேன். ஊத்துப்பாறையிலேயே ஒரு ரூம் எடுத்துக்கொண்டேன். சம்பூரணம், "வெளிய போய்க் கத்தாம நிக்கறீங்களே, அதுவே போதும்" என்றாள். என் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பை யாரும் வாங்கவில்லை. பிள்ளைகள் என்னைப் 'பாலத்துத் தாத்தா' என்கிறார்கள். வலது கையை நீட்டுகிறேன், பிடித்துக்கொண்டு தாண்டுகிறார்கள். கீழே பார்க்காதே என்று நான் சொல்வதில்லை. பார்த்துவிட்டே போகட்டும்.

போன ஐப்பசியில் தண்ணீர் பெருகிப் போய்க்கொண்டிருந்த ஒரு சாயந்தரம் மாராத்தாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாளாகச் சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்த அம்மா, பாலத்தில் கால் வைத்தது அன்றைக்குத்தான். ஆடுகள் ஒவ்வொன்றாகத் தாவி அந்தப் பக்கம் போயின. அந்த அம்மா மூன்றாவது கண்ணில் வந்து நின்று கீழே வெகுநேரம் பார்த்தது. தண்ணீர் சத்தமாக இருந்தது. நான் வலது கையை நீட்டினேன்.

அந்த அம்மா கையைப் பிடிக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த காகிதத்தை எடுத்து, நீட்டின என் கையில் வைத்துவிட்டு, தென்னமரத்தில் தனியாகவே நடந்து, ஆடுகளுக்குப் பின்னால் போய்விட்டது.

பிரித்துப் பார்த்தேன். அதே கார்பன் காப்பி. மேலே 'உயர்திரு சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு' என்று இருந்ததை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால், எழுத்துக் கூட்டிக் கூட்டி, என் பேரை எழுதியிருந்தது.

முப்பது வருசத்தில் என் பேருக்கு வந்த முதல் மனு. வலது கையில்தான் இருந்தது. வாங்கி மேலே தள்ளுவதற்கு எனக்கு மேலே யாரும் இல்லை.